என் மகனுக்கு நான் அனுப்பிய வினாத்தாள்

1

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம். பதினோரு வருஷமாக நேரில் பார்க்காத என் மகனுக்கு, போன மாதம் நான் அனுப்பியது கடிதம் அல்ல. பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள். கேள்விக்கு ஒரு மதிப்பெண். "எல்லாக் கேள்விகளுக்கும் கட்டாயம் விடையளிக்க வேண்டும்" என்று தலைப்பில் எழுதி அடியில் கோடு வேறு போட்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, உபரி மதிப்பெண்ணுக்காக இன்னொரு கேள்வி.

வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை என் வாழ்க்கை வரலாறு என்று எடுத்துக்கொண்டாலும் பிழையில்லை.

என்னை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள். சண்டை ஓய்ந்த பிறகு கப்பல் ஏறி மலாக்காவுக்கு வந்து, ஒரு தனியார் ஆங்கிலப் பள்ளியில் வாத்தியாராக ஒட்டிக்கொண்டவன். காஜா பெராங்கில் ஒரு பாதி வீட்டில் குடியிருக்கிறேன். மறுபாதியில் வீட்டுக்காரருடைய சைக்கிள்களும் கோழிகளும் குடியிருக்கின்றன. மனைவி கமலம் இங்கேதான் இருக்கிறாள். மகள் வசந்தா இங்கேயே பிறந்தவள், வயது ஒன்பது. மூத்தவன் சுந்தரம் மட்டும் பட்டுக்கோட்டையில், கமலத்தின் அண்ணன் வீட்டில். நாங்கள் கிளம்பும்போது அவனுக்கு ஆறு வயது. ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அவனையும் இழுத்துக்கொண்டு போவானேன், ஒரு வருஷத்தில் அழைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவந்தோம். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வந்தது. காரணம் கண்டுபிடிப்பதற்குப் பரீட்சை வைத்தால் நான் மாகாணத்திலேயே முதலாவதாக வருவேன்.

மாதம் ஒரு கடிதம் மைத்துனரிடமிருந்து வரும். அதன் அடியில் சுந்தரம் எழுதுவான்: "நான் நலம். நன்றாகப் படிக்கிறேன்." எழுத்து மட்டும் வருஷத்துக்கு வருஷம் சின்னதாகிக்கொண்டு வந்தது. வாசகம் மாறவில்லை.

2

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து அரை வருஷம் ஆகப்போகிறது. கொடி மாறியதும் எங்கள் ஹெட்மாஸ்டருக்கும் ஏதாவது புதிதாகச் செய்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மேல் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு மனோதத்துவம் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றார். கல்லூரியில் அந்தப் பாடத்தை ஒரு தாள் எழுதித் தேறியவன் ஆசிரியர் அறையிலேயே நான் ஒருத்தன்தான். எப்படித் தேறினேன் என்பது மனோதத்துவத்துக்கே விளங்காத விஷயம்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி எனக்கு ஒதுக்கப்பட்டது. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது. அதனால் பிள்ளைகளும் கிடையாது. முதல் வாரம் வகுப்பில் நானும் கரும்பலகையும் மூன்று பேரும். ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சி ஒரு சலுகை வாங்கினேன். என் வகுப்பில் வேலை செய்துகொண்டு வருகிறவர்களுக்குப் பொது அறிவுத் தாளில் ஐந்து மதிப்பெண் வரை கூடப் போடலாம். இல்லாத பாடத்துக்கு உபரி மதிப்பெண் கொடுத்த முதல் வாத்தியார் நானாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த வாரம் பெஞ்சு போதவில்லை.

என்னென்ன வேலை கொடுத்தேன் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். கிளேபாங் கடற்கரையில் அரை மணி உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று எழுதிவா. தட்டில் பதினைந்து சாமான் வைத்து, துணியால் மூடி, வீட்டிலுள்ளவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேள். ஒரு வாரம் கண்ட கனவை எழுது. கனவு வேலையில் இரண்டு பையன்கள் ஒரே கனவை, ஒரே எழுத்துப் பிழைகளோடு கண்டிருந்தார்கள். நட்பின் ஆழம் என்று இருவருக்கும் ஆளுக்கு அரை மதிப்பெண் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பியூன் ஆறுமுகத்தோடு பேசிவைத்துக்கொண்டேன். பாடம் நடக்கும்போது அவர் ஓடிவந்து என் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓட வேண்டும். பிள்ளைகள் பார்த்ததை எழுத வேண்டும். ஓடினார். எழுதினார்கள். ஒருத்தன் சிவப்புச் சட்டை என்றான். ஒருத்தி செருப்புப் போட்டிருந்தார் என்றாள். "பார்த்தீர்களா, தவறாகச் சொல்கிறவனும் சத்தியம் பண்ணித்தான் சொல்கிறான். நிச்சயமாக ஞாபகம் இருக்கிறது என்பது ஞாபகத்துக்குச் சாட்சி ஆகாது" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவிட்டு, "உண்மையில் அவர் தலையில் தொப்பி இருந்தது, அதை ஒருத்தரும் எழுதவில்லையே" என்றேன்.

ஆறுமுகம் கதவருகே நின்று தலையைத் தடவினார். "தொப்பியா? எனக்குத் தொப்பியே கிடையாது சார்."

வகுப்பு அடங்கக் கால் மணி ஆயிற்று. அந்தப் பாடத்தை நான் அன்றைக்கே படித்திருக்க வேண்டும்.

3

மார்கழியில் குடிநுழைவு அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வாங்கிவந்தேன். ஊரில் இருக்கிற பிள்ளைகளை அழைத்துக்கொள்ளும் சட்டம் இறுகிக்கொண்டு வருகிறது என்று பேச்சு. சுந்தரத்துக்குச் சித்திரையில் பிறந்தநாள். அது தாண்டினால் வயது கடந்துவிடும், பிறகு அழைக்க முடியாது. பதினோரு வருஷம் தள்ளிப்போட்டவனுக்கு நாலு மாதம் மிச்சம்.

படிவத்தைத் தெரிந்த மட்டும் பூர்த்தி செய்துகொண்டு போனேன். மேசைக்கு அந்தப்பக்கம் ஒஸ்மான் என்ற மலாய்க்கார அதிகாரி. என் மலாய் முழுவதும் மீன் சந்தையில் கற்றது. அவரை மரியாதையாகக் கூப்பிடுவதாக நினைத்து, பேரம் பேசும்போது மீன்காரரை அழைக்கிற 'லூ' போட்டு அழைத்துவிட்டேன். நம்மூரில் தாசில்தாரைப் பார்த்து "என்னப்பா நீ" என்பது மாதிரி. பக்கத்து மேசை எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒஸ்மான் மட்டும் கோபப்படவில்லை. படிவத்தை விரலால் மேலிருந்து கீழே தடவினார்.

"உயரம் எழுதலையே?"

"வளர்ற பையன். நான் எழுதி, இது உங்க மேசைக்கு வர்றதுக்குள்ள கூடிப்போயிடுமேன்னுதான்."

அவர் சிரிக்கவில்லை. "கண்ணாடி போடுவானா?"

"தெரியாது."

"இடது கைப் பழக்கமா, வலது கையா?"

நான் யோசித்தேன். ஒரு பம்பரம் ஞாபகம் வந்தது. அதைச் சுழற்றிய கை ஞாபகம் வரவில்லை.

"அடையாளம் மட்டும் எழுதியிருக்கீங்க."

"ஆமாம். வலது முழங்காலில் பிறை மாதிரி ஒரு தழும்பு. குளத்துப் படியில் விழுந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது."

ஒஸ்மான் படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க அப்பாவா, இல்ல பக்கத்து வீட்டுக்காரரா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, படிவத்தில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டம் மாதிரிதான் கேட்டார். "எல்லாக் கட்டமும் நிரப்பிட்டு வாங்க. சித்திரைக்கு முன்னால."

கமலத்திடம், படிவத்தில் மை சிந்திவிட்டது, வேறு எழுத வேண்டும் என்றேன்.

4

எங்கள் சந்துக்கு எதிரே இருப்பவர்கள் மலாக்காச் செட்டிகள். நான் வந்த புதிதில், கோயில் வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு நின்ற ஒருவரைக் கண்டு, ஆஹா நம்மவர் என்று பட்டுக்கோட்டைச் சங்கதி எல்லாம் பேசித் தீர்த்தேன். கடைசி வரை புன்னகையோடு கேட்டுவிட்டு, தனக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சொன்னார். பல தலைமுறைக்கு முன் வந்தவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், 'பாவம், எல்லாவற்றையும் மறந்துவிட்டார்கள்' என்று மனதுக்குள் ஒரு பரிதாபம் வைத்திருந்தேன். மாதச் சம்பளம் இல்லாமல் நான் பார்த்த உத்தியோகம் அது.

அந்த வீட்டுப் பெண் தேவி என் வகுப்பு மாணவி. பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டி, வகுப்பில் பேசும் ஆங்கிலத்திலேயே கேட்டாள்.

"சார், இதுக்கு உபரி மார்க் உண்டா? நீங்க கொடுத்த லிஸ்டில் இல்லை. நானே செய்தது."

போகி அன்று அவர்கள் வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். அவரவருக்கு உயிரோடு இருந்தபோது என்ன பிடிக்குமோ, அதைச் சமைத்து, வாழை இலையில் வைத்து, விளக்கேற்றிவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று விலகி நிற்பார்கள். தேவியின் பெரியப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். திரும்பவில்லை. அவருக்கும் ஒரு இலை உண்டு.

தேவி செய்தது இதுதான். சமையல் ஆரம்பிக்கும் முன் வீட்டிலுள்ள ஐந்து பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, பெரியப்பாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு எழுதியிருக்கிறாள். ஐந்து பக்கம். நான் புரட்டினேன். புளி போட்ட சுறா மீன். கருக வறுத்த கத்தரிக்காய். சர்க்கரை இல்லாத காப்பி, அதிலும் அடியில் ஒரு வாய் மிச்சம் வைப்பார். ஐந்து பக்கத்திலும் ஒரே பட்டியல். அந்த மிச்சக் காப்பி உட்பட.

"ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதலையே?" கனவுக் கோஷ்டியிடம் ஏமாந்த அனுபவத்தில் கேட்டேன்.

"இல்லை சார். ஐந்தாவது பக்கம் என் தம்பி. பெரியப்பா போன பிறகு பிறந்தவன். அவரைப் பார்த்ததே இல்லை."

நான் முதல் பக்கத்துக்கே போய் மறுபடி புரட்டினேன். அவளுக்கு மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று பயம் வந்துவிட்டது போல.

"நீங்க, வருஷம் ஆக ஆக ஞாபகம் தேயும்னு சொன்னீங்க. எங்க வீட்டில் தேயலை சார். வருஷா வருஷம் சமைக்கிறோம், அதனாலயா இருக்கும். தப்பா எழுதிட்டேனா?"

ஐந்துக்கு ஐந்து போட்டேன். கையெழுத்துப் போடும் இடத்தில் தேதியைப் போட்டு, தேதி போடும் இடத்தில் கையெழுத்தைப் போட்டேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள். சார் எப்போதும் போலத் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பாள்.

5

மறுநாள் காலை, இட்லித் தட்டு இறங்குவதற்குள், கமலத்துக்கு ஒரு காகிதமும் பென்சிலும் கொடுத்தேன். எனக்கும் ஒன்று. "சுந்தரத்துக்கு என்னென்ன பிடிக்கும், எழுது. என்னைப் பார்த்து எழுதக் கூடாது."

"உங்களைப் பார்த்து நான் எழுதப் போறேனாக்கும்" என்றாள்.

வசந்தா அடிஸ்கேலை எடுத்துக்கொண்டு மேற்பார்வைக்கு நின்றாள். அவளுக்கு அண்ணன் என்றால் சுவரில் இருக்கும் படம்தான். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "எனக்கு ஒரு போட்டோ அண்ணன் உண்டு" என்று மலாயில் சொல்வாளாம்.

நான் மூன்று எழுதினேன். மாம்பழம். இட்லி. பம்பரம். கமலம் எழுதிக்கொண்டே இருந்தாள். பதினொன்று எழுதினாள். தோசையின் முறுகல் ஓரம், பால் ஏடு எடுத்துவிட்டுக் கொடுத்தால் மட்டும் பால், யாராவது தோல் உரித்துக் கொடுத்தால் வேர்க்கடலை, தூங்கும்போது பிடித்துக்கொள்ள அவளுடைய முந்தானையின் நுனி. என் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"மாம்பழமா? மாம்பழம் தின்னா வாய் ஓரமெல்லாம் வெந்துபோகும் அவனுக்கு. கிட்டயே கொண்டு போகமாட்டான். மாம்பழம் உங்களுக்குப் பிடிக்கும்."

"பதினொன்றோடு ஏன் நிறுத்திட்டே?" என்றேன், பேச்சை மாற்ற.

பென்சிலைக் கீழே வைத்தாள். "இதெல்லாம் ஆறு வயசுப் பிள்ளைக்குப் பிடிச்சது. இதுக்கு மேல எனக்கும் தெரியாதுங்க."

அப்போதுதான் மேசையிலிருந்த படிவம் அவள் கண்ணில் பட்டது. அதில் மை எதுவும் சிந்தியிருக்கவில்லை. நிரப்பாத கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், நிரப்பியிருந்த அடையாளக் கட்டத்தில் நின்றாள்.

"வலது முழங்கால்ல தழும்பா? அவனுக்கா?"

"பிறை மாதிரி. குளத்துப் படியில் விழுந்தானே."

"விழுந்தது நீங்க. சின்ன வயசுல விழுந்தேன்னு கல்யாணமான புதுசுல காட்டினீங்களே."

வேட்டியைத் தூக்கிப் பார்த்தேன். வலது முழங்காலில், பிறை மாதிரி, இருந்தது. வசந்தா கை தட்டிச் சிரித்தாள். கமலமும் சிரிக்க ஆரம்பித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். அரசாங்கப் படிவத்தில், என் மகனைக் கண்டுபிடிக்க, என் காலை எழுதி வைத்திருந்தேன்.

"மச்சம் ஒண்ணு உண்டு" என்றாள் கமலம். "தோள்ல. குளிப்பாட்டும்போது எனக்கு எதிரே நிப்பான்... அப்ப என் வலது கைப்பக்கம்... இல்ல, பாத்திரத்துக்காகத் திரும்பி நிப்பானே..." எழுந்து நின்று, இடுப்பு உயரத்தில் இல்லாத ஒரு தலைமேல் இல்லாத தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். ஒரு தரம் இந்தப்பக்கம் திரும்பி, ஒரு தரம் அந்தப்பக்கம் திரும்பி. இட்லி கரிகிற வாசனை வந்தது. நானும் போகவில்லை, அவளும் போகவில்லை.

6

அன்றைக்கு மத்தியானமே எழுதினேன். "மகனே, உன்னைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை" என்று ஒரு வரி எழுதினால் முடிந்திருக்கும். அந்த வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா பிடித்ததும் வாத்தியார் வந்துவிட்டார். கனமான எதையும் கோமாளித் தொப்பி போட்டுத்தான் வெளியே அனுப்பத் தெரியும் எனக்கு. ஆறுமுகத்தின் தலையில் அன்று நான் பார்த்ததுகூட அந்தத் தொப்பியாக இருக்கலாம்.

கேள்வி ஒன்று: உன் உடம்பில் உள்ள அடையாளம் யாது, எந்தப் பக்கம்? இரண்டு: உன் உயரம் என்ன? மூன்று: எந்தக் கையால் எழுதுகிறாய்? இப்படியே பன்னிரண்டு வரை. உணவு, கண்ணாடி, கோபம் வந்தால் என்ன செய்வாய், யார் உன் நண்பன். கடைசியில்: "உபரி மதிப்பெண்ணுக்கு, விரும்பினால் மட்டும் எழுதலாம். மலாக்காவுக்கு வந்து எங்களோடு இருக்க உனக்கு இஷ்டமா?"

வசந்தா பக்கத்தில் வந்து, தனக்குத் தெரிந்த தமிழில் தானும் ஒன்று கேட்பேன் என்றாள். "அண்ணா, ரம்புத்தான் பழம் சாப்பிட்டிருக்கியா?" இதற்கு மார்க் போடக் கூடாது என்றும் சொன்னாள். எங்கள் வீட்டில் கொஞ்சம் புத்தியுள்ளவள் அவள்தான். விமானத் தபாலை மடித்து ஒட்டி, அன்றே போட்டுவிட்டேன்.

சாயங்காலம் வசந்தா தாயிடம் எல்லாக் கேள்விகளையும் ஒப்பித்திருக்கிறாள். கமலம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

"உயரமும் கண்ணாடியும் கட்டாயம். வர இஷ்டமாங்கிறது மட்டும் உபரியா?"

"தமாஷுக்காகப் போட்டேன்."

"பதினோரு வருஷமா அவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. முதல் தடவையா கேக்கறோம். அதையும் தமாஷாத்தான் கேக்கணுமா?"

பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினேன்.

தபால் நிலையத்துக்குப் போய், போட்ட கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்கக்கூட நினைத்தேன். அதற்கும் ஒரு படிவம் இருக்கும், அதில் எனக்குத் தெரியாத கட்டங்கள் இருக்கும் என்று போகவில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளில் நான் புதிதாக வேலை எதுவும் கொடுக்கவில்லை. பிள்ளைகள் கேட்டுப் பார்த்தார்கள். வீட்டிலுள்ளவர்களை வைத்துச் செய்கிற சோதனைக்கெல்லாம் அவர்களிடம் முதலில் அனுமதி கேளுங்கள் என்றேன். ஏன் என்றாள் தேவி. சோதிக்கிறவனுக்கு அடிபட வாய்ப்பு உண்டு என்றேன். வழக்கம்போலச் சிரித்தார்கள்.

காஜா பெராங்குக்குத் தபால்காரர் பத்தரை மணிக்கு வருவார். மூன்று வாரம் கமலம் பத்து மணிக்கே வாசலில் நின்றாள். எதிர்வீட்டுத் தேவியின் அம்மா வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து மலாயில் கேட்பாளாம்: "பிள்ளையிடமிருந்து வந்ததா?" இல்லை என்று கமலம் கையால் காட்டுவாளாம். அந்த அம்மாளும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாளாம். வராதவருக்குக் காத்து நிற்பது அவர்கள் வீட்டுப் பழக்கம்.

நேற்று சனிக்கிழமை. நான் வீட்டிலிருந்தேன். கடிதம் கமலத்தின் கைக்குத்தான் முதலில் போயிற்று. மைத்துனர் ஒன்றும் எழுதவில்லை. காகிதத்தின் நடுவில், சின்ன எழுத்தில், ஒரே வரி. நான் கேட்ட பன்னிரண்டுக்கும் அவன் விடை எழுதவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

கமலம் இரண்டு தரம் படித்தாள். பிறகு தன் இடது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். காகிதத்தை மேசையில், அந்தப் படிவத்தின் மேலேயே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து, நாங்கள் கப்பலில் கொண்டுவந்த டிரங்குப் பெட்டியை இழுத்தாள். பதினோரு வருஷத் துரு தரையில் கோடு கிழித்துக்கொண்டு வந்தது.

"அவன் வர்றானா?" என்றேன்.

"படிங்க."

படித்தேன்.

"மச்சம் இடது தோளில் இருக்கிறது, மற்றவற்றை நேரில் வந்து பார்த்துக்கொள்ளவும்."